மாவட்டம் என்ற கட்டம்

நைஃப் தெருவில் எங்கள் கார்கோ கடை.
ஆகஸ்ட். ஏசி கக்கும் தண்ணீருக்கு
ஒரு பெயிண்ட் வாளி வைத்திருக்கிறோம்.
ஹப்சாத் வந்தால் முதலில் வாளியைத்தான் எட்டிப் பார்ப்பாள்,
நிறைந்திருந்தால் அவளே கொண்டுபோய்க் கொட்டுவாள்.

பெட்டி நாற்பத்தொரு கிலோ.
தையல் மெஷின், பால்பவுடர்,
ஆறு ஜோடி பள்ளிக்கூட ஷூ.
நாடு: ரஷ்யா. மாநிலம்: தாகெஸ்தான்.
மாவட்டம் என்ற கட்டத்தில் அம்புக்குறியை அழுத்தினால்
பட்டியல் விழும். சுந்தா மட்டும் விழாது.
'மற்றவை' என்று போடட்டுமா என்றேன்.
பழைய பில் ஒன்றை எடுத்துக் கசக்கி
கல்லாப்பெட்டி மேல் வைத்தாள்.
"இது."

நகத்தால் காட்டினாள்.
முகடு, அதற்கு அப்பால் ஜார்ஜியா.
இந்த மடிப்புக்குப் பின்னால் செச்சென்யா.
இந்தப் பள்ளத்தில் கிதேரோ, ஆபீசும் ஆஸ்பத்திரியும்.
மடிப்புக்கு ஒரு மொழி;
அடுத்த மடிப்பில் பெண் எடுத்தவன் வீட்டில்
முதல் வருஷம் சைகைதான்.
பனி விழுந்தால் பாதை மூடும்.
மொத்தம் நூற்றுப்பன்னிரண்டு திர்ஹம் என்ற எழுத்து
ஒரு சரிவில் பாதி மடிந்து கிடந்தது.

அவள் வீட்டில் பேசுவது செஸ். பள்ளிக்கூடத்தில் வேறு மொழி.
எனக்கு வேற்றுமை எட்டு,
அதையே பிரம்படி வாங்கித்தான் படித்தேன்.
அவர்களுக்கு இடம் சொல்ல மட்டும் ஐம்பதைத் தாண்டுமாம்:
குழிவுக்குள், தட்டையின் மேல், சுவரில் ஒட்டி,
குவியலின் நடுவே, அடியில், அருகில்.
ஒவ்வொன்றிலும் கிட்டத்துக்கு ஒன்று, தூரத்துக்கு ஒன்று.
கிட்டத்து உள்ளே வேறு,
தூரத்து உள்ளே வேறு.
வேண்டும்தான்.
மாடு எங்கே என்று எதிர்மலையிலிருந்து கேட்பவனுக்கு
ஒரே மூச்சில் பதில் போக வேண்டாமா.

பெறுநர் பாஸ்போர்ட் நகல் கேட்டேன். அவள் அம்மாவுடையது.
பிறந்த ஊர் வெதேனோ, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறு.
இது உங்கள் மாவட்டமே இல்லையே?

நாற்பத்துநாலில் சுந்தாவைக் காலி செய்தார்கள்.
செச்சென்களை அதற்கு முன்பே ரயிலேற்றியாகிவிட்டது;
அந்த வீடுகளுக்கு இவர்களை ஓட்டிப்போனார்கள்.
அடுக்கிய விறகு அடுக்கியபடி இருந்ததாம்.
புது ஊர்க் காய்ச்சலில் போனவர்கள் போக,
மிஞ்சியவர்களுக்கு அம்மா பிறந்தாள்.

ஐம்பத்தேழில் கதவு தட்டினார்கள்,
உடையவர்கள்.
அம்மாவுக்குப் பதினொன்று.
வாசலில் நின்ற பெண்ணுக்கும் அதுதான் வயது.
அவளும் எங்கோ ஸ்தெப்பியில் பிறந்தவள்,
இந்த வீட்டைப் பார்த்ததே இல்லை.
ஆனால் அடுப்பு எந்த மூலை என்று தெரிந்திருந்தது.
சாவியை அம்மா கொடுத்தாள்.
யாரும் ஒன்றும் பேசவில்லை என்பதுதான் கதை.
மலை ஏறித் திரும்பினால், சுந்தாவில்
கூரைகள் இல்லை. சில ஊர்களில் சுவரும்.

நான் இருப்பது எட்டுப்பேர் அறை,
அடுக்குக் கட்டிலின் மேல்தட்டு.
முன்பு படுத்திருந்தவள் கடன் தவணைகளைச்
சுவரில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறாள்.
பத்தொன்பதோடு நிற்கிறது.
நான் அழிக்கவில்லை.

கேட்டேன்: பிறத்தியார் வீட்டுக்குள் என்பதற்கு
உங்களிடம் தனி உருபு உண்டா?
டேப் ஒட்டுவதை நிறுத்தி யோசித்தாள்.
"இல்லை. அதற்கும் அதே உள்ளேதான்."
பிறகு,
"கிட்டத்து உள்ளே."

பேக்கிங்கில் பத்து திர்ஹம் குறை என்று சண்டை போட்டாள்.
ஐந்து குறைத்தேன்.

பெட்டி அக்டோபரில் மகாச்கலா போய்ச் சேர்ந்தது.
இப்போது பிப்ரவரி. திரையில் 'வழியில்' என்று நிற்கிறது.
கசங்கிய பில்லை முதலாளி நீவி,
ஓட்டை குத்தி, ஃபைலில் போட்டுவிட்டார், கணக்குக்கு.
அந்த இடத்தில் மட்டும்
ஃபைல் சரியாக மூடுவதில்லை.